மருமோனுக்கு எழுதிக் குடுத்த விளக்கம்

1. நகுலன் அண்ணையைக் காணேல்லை

ஓ.எல். சோதினையில கணக்கை ரெண்டுதரம் கோட்டை விட்டவன் நான். ஆனா தமிழ் ரைப்பிங் பறக்கும். அதாலதான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில ஒரு சின்ன ஒஃபிசில வேலை கிடைச்சது. செத்தவைக்கு நினைவு மலர் செய்யிற ஒஃபிஸ். கீரிமலையில அந்தியேட்டி முடிச்சு வந்து, முப்பத்தொண்டாம் நாள் சாப்பாட்டோட குடுப்பினமே, அந்தப் புத்தகம்.

இப்ப ரைப் பண்ணுறது ஏ.ஐ. ஏஜென்ற். நாங்கள் அதை மருமோன் எண்டுதான் கூப்பிடுறது. புது மருமோன் மாதிரி சொன்னதைச் செய்யும், எதிர்த்துக் கேளாது. பிள்ளையள் வெளிநாட்டில இருந்து கதைப்பினம். அது கேட்டு எழுதி ஃபைலில போடும். நான் பக்கத்தில இருந்து பிழை பிடிக்கிறது.

அண்டைக்குப் பிழை பிடிக்கத் திறந்தா, கனடாவில இருக்கிற நகுலன் அண்ணை தன்ரை அம்மாவைப் பற்றிச் சொன்னது ஃபைலுக்கை இல்லை. அவரின்ரை தங்கச்சி சுமதி அக்கா பிறகு சொன்னது மட்டும் கிடக்குது. மலர் அடுத்தநாள் அச்சுக்குப் போகவேணும்.

"அபி அக்கா, மருமோன் மச்சானை வீட்டை விட்டுக் கலைச்சிட்டார். நகுலன் அண்ணையைக் காணேல்லை."

அபிராமி அக்கா கம்பஸில கொம்பியூட்டர் படிச்சவ. ஃபைலைத் திறக்க, எழுத மருமோன் பாவிக்கிற கருவியள் எல்லாம் அவ செய்தது. வந்து பார்த்தா. சிரிக்கேல்லை.

"அவர் கதைச்சதை ரெக்கோட் பண்ணினியோடா?"

"வேண்டாமெண்டு அவர்தான் சொன்னவர். அழுகிறது கேக்குமாம்."

2. ஒரு வரி

மருமோனையே கேட்டம். அவர் நல்ல செந்தமிழில பதில் சொன்னார்: "'எழுது' கருவியின் விளக்கத்தில் 'கோப்பில் எழுதும்' என்று மட்டும் இருந்தது. இருப்பதோடு சேரும் என்று எடுத்துக்கொண்டேன். மன்னிக்கவும்."

பழசை அழிச்சிட்டுத்தான் அந்தக் கருவி எழுதும் எண்டு ஒருத்தரும் அவருக்குச் சொல்லேல்லை.

முதலாளி ரவி அண்ணைக்குக் கோபம். "உதுக்குப் பேர் அறிவு எண்டல்லோ சொல்லுறியள். உது யோசிக்காதோ?"

"அண்ணை, கருவிக்கு உள்ளுக்கை என்ன நடக்குதெண்டு உதுக்குத் தெரியாது" எண்டா அபி அக்கா. "நாங்கள் எழுதிற விளக்கத்தைத்தான் அது பார்க்கும். அது குருட்டு விளக்கமா இருந்தா அது என்ன செய்யும்?"

ரெண்டுபேரும் இருந்து திருப்பி எழுதினம். அவ சொல்ல நான் ரைப் பண்ணினன்; எனக்கு விளங்காததை அவ மாத்தினா. கடைசியில வந்தது இதுதான்:

"இந்தக் கருவி ஃபைலை முழுக்கப் புதிசா எழுதும். உள்ளுக்கை இருந்தது போயிடும், திரும்ப வராது. முதல்ல ஃபைலை வாசி. அதுக்கை எழுத்து இருந்தா இதைப் பாவியாதை, 'சேர்' கருவியைப் பாவி. எங்கை சேர்க்கிறதெண்டு தெரியாட்டி ஆளைக் கேள். முடிஞ்ச உடனை ஆர் ஆரின்ரை எழுத்து உள்ளுக்கை இருக்கெண்டு சொல்."

"ஒரு வரியை ஒரு முழமாக்கிட்டியள்" எண்டார் ரவி அண்ணை.

"வீட்டுக்கு வந்த மருமோனுக்குக் கிணறு எங்கை, கக்கூஸ் எங்கை எண்டு காட்டத்தானே வேணும் அண்ணை?" எண்டன் நான்.

சோதிச்சுப் பார்க்க என்ரை பேரை ஒரு ஃபைலில போட்டு, கீழை அபி அக்கான்ரை பேரை எழுதச் சொன்னம். மருமோன் முதல் வாசிச்சார். என்ரை பேர் தப்பிச்சுது.

3. திருப்பிக் கேட்டது

நகுலன் அண்ணைக்கு ஃபோன் எடுத்துச் சொல்லவேண்டியவன் நான். அவருக்குக் கனடாவில இருக்க இன்னும் பேப்பர் கிடைக்கேல்லை. இஞ்சை வந்தா திரும்பப் போகேலாது. செத்த வீட்டுக்கும் வரேல்லை.

"முழுக்கப் போச்சுதோ, தம்பி?"

"ஓம் அண்ணை. எங்கடை பிழை."

"வேலைக்கு இடையில, பனிக்கை நிண்டு சொன்னனான். அது ஒருக்காத்தான் வரும்."

பிறகு அவரே கேட்டார்: "நீர் எங்கடை வீட்டை ஒருக்காப் போவீரோ? ஃபோனில காட்டும். பார்த்தா வந்தாலும் வரும்."

கீரிமலைப் பக்கம்தான் வீடு. அண்டைக்கே மோட்டசைக்கிளில போனன். சுமதி அக்கான்ரை ஃபோனில நகுலன் அண்ணை, என்ரை ஃபோனில மருமோன்.

"கிணத்தடியைக் காட்டும்" எண்டார். காட்டினன். அதில ஒண்டும் வரேல்லைப்போல. "குசினிக்கை போம். அம்மா குந்தி இருக்கிற பலகைக்குக் கிட்ட. இனி மேலை பிடியும், கூரையை."

"கூரையையோ அண்ணை?"

"ஓம். அவவுக்கு ஃபோன் பிடிக்கத் தெரியாது."

கூரையைப் பார்த்துக்கொண்டு கதைக்கத் தொடங்கினார்.

"அம்மா, நீங்கள் கோல் எடுக்கேக்கை எனக்கு உங்கடை நெத்தியும் கூரையும்தான் தெரியும். மூலையில ஒரு ஓடு வெடிச்சிருக்கு. ஒவ்வொரு நாளும் பார்த்தனான். உங்களுக்குச் சொல்லேல்லை. வந்து நானே மாத்துவம் எண்டு வைச்சிருந்தனான்."

அவ்வளவுதான். ஓடு உண்மையாவே வெடிச்சுத்தான் இருந்தது. வெளிச்சம் ஒரு கீற்றா விழுந்துகொண்டிருந்தது.

மருமோன் உடனை எழுதேல்லை. கேட்டார்: "மகள் சுமதியின் எழுத்து கோப்பில் ஏற்கெனவே உள்ளது. மகனின் எழுத்தை மேலே சேர்க்கவா, கீழே சேர்க்கவா?"

"அண்ணை மூத்தவர். மேலை போடட்டும்" எண்டா சுமதி அக்கா.

"வேண்டாம். கீழை போடும், தம்பி" எண்டார் நகுலன் அண்ணை. "கடைசிமட்டும் பக்கத்தில நிண்டவள் அவள்தான்."

சுமதி அக்கா தேத்தண்ணி போடப்போறன் எண்டு அடுப்புப் பக்கம் திரும்பினா. அடுப்பு மூட்டேல்லை.

"இருவரின் எழுத்துகளும் உள்ளன" எண்டார் மருமோன். நான் ஃபோனை இறக்கப் போக, "இறக்காதையும்" எண்டார் நகுலன் அண்ணை. கை உளைய உளையக் கூரையைக் காட்டிக்கொண்டு நிண்டன்.

புதிசா வேலைக்கு வாற பிள்ளையளுக்கு நான் சொல்லுறது இதுதான். கருவி என்ன செய்யும், எதை அழிக்கும், எப்ப ஆளைக் கேக்கவேணும் எண்டு எல்லாத்தையும் விளக்கத்தில எழுதிப்போடுங்கோ. நாலு வரி கூடினா முதலாளி முறைப்பார், அவ்வளவுதான். ஒரு வரி குறைஞ்சா, ஒரு மனிசனிட்டைப் போய்த் திருப்பி அழச்சொல்லிக் கேக்க வேண்டிவரும்.