இறங்கிப் போன கதவு

என் மனைவிக்குப் பாரிசவாதம் வந்து வலது கை விழுந்து காலும் தளர்ந்த பிறகு, முன்கதவின் பழைய பூட்டு அவளுக்கு எதிரியாகிவிட்டது. திறப்பைத் திருப்ப ஒரு கை, கதவை இழுத்துப் பிடிக்க இன்னொரு கை என்று இரண்டு கை கேட்கிற பூட்டு அது. நான் காலை ஆறு மணிக்கே வெளிக்கிடுகிறவன். எங்கள் வீடு எழுவான்கரையில், நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் படுவான்கரையில், இடையில் வாவி. ஆளையும் வாகனத்தையும் ஏற்றி அக்கரை சேர்க்கிற மிதவையை நாங்கள் பாதை என்போம். அதில் ஏறிப் போய், திரும்பி வர மூன்று மணியாகும். அதுவரை அவள் தனியேதான்.

அதனால் வறண்ட கச்சான் காற்று வீசிய நாளொன்றில் காத்தான்குடிக்குப் போய் ஒரு ஸ்மார்ட் பூட்டு வாங்கிவந்தேன். நாலு இலக்கத்தை அழுத்தினால் உள்ளே மோட்டார் சுற்றிப் பூட்டின் நாக்கை இழுத்துக்கொள்ளும். கதவைச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். பக்கத்து வீட்டு அக்கா வந்தால் திறந்துவிட, அந்தரம் ஆபத்துக்கு வெளியே வர, ஒரு கை போதும். வாசலில் உள்ள இரண்டு படியில் மட்டும் நான் இல்லாதபோது இறங்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன். வாத்தியார் அல்லவா, கண்டிப்புக்குக் குறைவில்லை.

மாரி தொடங்கியதும் பூட்டு முனக ஆரம்பித்தது. சில வேளை நாக்கு பாதி போய் நின்று, சிவப்பு விளக்கு எரியும். கதவைத் தோளால் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு மறுபடி அழுத்தினால் திறக்கும். எங்கள் பக்கத்தில் மாரிக்குக் கதவு ஊதுவது புதினமில்லை. தை பிறந்தால் சரியாகிவிடும் என்று நானும் விட்டுவிட்டேன். தோளால் தள்ள அவளால் ஏலாது என்பதை நான் யோசிக்கவில்லை.

ஒரு புதன்கிழமை, கொடியில் கிடந்த உடுப்பு நனையப்போகிறதே என்று அவள் மழைக்குள் இறங்கியிருக்கிறாள். காற்று கதவைச் சாத்த, பூட்டு பூட்டிக்கொண்டது. இலக்கத்தை அழுத்தினாள், மோட்டார் முனகியது, சிவப்பு விளக்கு. திரும்பத் திரும்ப அதேதான். இரண்டு மணித்தியாலம் கூரை இறப்புக்குக் கீழே ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு நனைந்தபடி நின்றிருக்கிறாள். பக்கத்து வீட்டு அக்கா கண்டு எனக்குப் போன் எடுத்தார். நான் துறைக்கு ஓடிவந்தபோது பாதை அக்கரையில் நின்றது. அது ஆடி அசைந்து வந்துசேரும்வரை நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது.

அவளுக்குக் காய்ச்சல்கூட வரவில்லை. ஆனால் செய்தி கொழும்பிலிருக்கும் மகனுக்குப் போய்விட்டது. சனிக்கிழமை வேனோடு வருவதாகவும், அம்மாவைக் கொண்டுபோய்த் தன்னோடு வைத்திருக்கப்போவதாகவும் சொன்னான். என் இடமாற்றம் கிடைத்ததும் நானும் வரலாமாம். அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. கதவே திறக்காத வீட்டில் நடக்க ஏலாத ஒருத்தியை எப்படித் தனியே விடுவது என்று கேட்டான்.

போனை வைத்ததும் அவள் சொன்னாள்.

"நான் போகமாட்டன். இது என்ட வீடு."

அது உண்மைதான். எங்கள் ஊர் வழக்கப்படி இது அவளுக்குச் சீதனமாகக் கட்டிக்கொடுத்த வீடு. நான்தான் ஒரு பெட்டியோடு வந்து குடியேறிய மாப்பிள்ளை.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு, சீவுளியை இரவல் வாங்கி, கதவு நிலையோடு உரசுகிற மேல் மூலையைச் சீவினேன். கதவு இலேசாகச் சாத்தியது. பெருமையோடு இலக்கத்தை அழுத்தினேன். பூட்டு முன்னையைவிட மோசமாக முனகியது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை. கோபத்தில் சீவுளியை முற்றத்தில் எறிந்தேன். அவள் கதிரையில் இருந்தபடி, "இரவல் சாமான், எடுத்து வைங்க" என்றாள்.

சற்று நேரம் கழித்துத் தன் கண்மைச் சிமிழை எடுத்து நீட்டினாள். நாக்கு எங்கே முட்டுகிறது என்று ஊகித்துக்கொண்டிருக்காமல் அதன் முனையில் மையைப் பூசிப் பார்க்கச் சொன்னாள். பூசிச் சாத்தித் திறந்தேன். நிலையில் நாக்குப் போகிற பொந்தின் கீழ் விளிம்பில் கறுப்பாக ஒரு கோடு. நாக்கு இரண்டு நெல் தடிப்புக்குக் கீழே போய் முட்டிக்கொண்டிருந்தது. மாரியும் ஊதலும் என்று நான் விட்ட கதையெல்லாம் வீண்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த கையோடு காத்தான்குடியிலிருந்து ஓடாவியார் வந்தார். ஊரில் பாதிக் கதவு அந்தத் தச்சர் போட்டதுதான். மைக் கோட்டைப் பார்த்ததும் உளியை எடுத்தார். பொந்தைக் கீழ்ப்பக்கம் கொஞ்சம் வெட்டினால் அஞ்சு நிமிட வேலை என்றார். எனக்கு உயிர் வந்தது.

"நிலையில உளி வைக்க வேணாம்" என்றாள் அவள்.

அந்த நிலை நல்ல நேரம் பார்த்து, பூசை செய்து, அடியில் பொன்னும் மணியும் வைத்து நிறுத்தியது. பூட்டைப் பொருத்த வந்த கடைக்காரர் அதில் பொந்து போட்டபோதே அவள் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. ஆனால் நாளைக்கு வேன் வந்து நிற்கப்போகிற நேரத்தில் இது என்ன பிடிவாதம்? நிலை வேணுமா பூட்டு வேணுமா என்று கத்தினேன். ஓடாவியாருக்கு முன்னால் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது.

"ரெண்டும் வேணும்" என்றாள்.

ஓடாவியார் உளியைப் பைக்குள் வைத்துவிட்டார். அவருடைய தங்கைக்கும் இப்படித்தான் வீடு கட்டிக்கொடுத்ததாம், அவளும் ஒரு சுவரில் கை வைக்க விடமாட்டாளாம். பொந்தைத் தாழ்த்த முடியாவிட்டால் கதவைத்தான் உயர்த்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துக் கதவை மேலே தூக்கினார். கதவை நிலையோடு பிடித்திருக்கிற மேல் பிணைச்சல் சொத்தைப் பல் மாதிரி ஆடியது. அவர் தூக்கிப் பிடித்தபடியே நிற்க, நான் இலக்கத்தை அழுத்தினேன். முனகல் இல்லை. நாக்கு வழுக்கிக்கொண்டு போய் வந்தது.

"ஆரு சேர் இந்தக் கதவுல தொங்குற?" என்று கேட்டார். "கதவு தன்பாட்டுல இப்படி இறங்காது. நான் இப்ப பொந்த வெட்டியிருந்தா, அடுத்த மாசம் இன்னும் கீழ இறங்கி முட்டும்."

வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர். நான் தொங்குவதில்லை. அவளைப் பார்த்தேன். அவள் தன் விழுந்த கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

பிறகு மெதுவாகச் சொன்னாள். மூன்று மாதமாக, நான் போனதும் ஒவ்வொரு நாளும் கதவைத் திறந்து, அதன் கைப்பிடியில் பாரத்தைப் போட்டு, இரண்டு படியும் இறங்கி, தெருவோரப் படலை வரைக்கும் நடந்து போகிறாளாம். சைக்கிளில் வருகிறவரிடம் மீன் வாங்குவதும் அவள்தானாம். பக்கத்து வீட்டு அக்காவுக்கு மீன் பார்த்து வாங்கத் தெரியும் என்று மணலையையும் இறாலையும் ருசித்துச் சாப்பிட்டு நான் புகழ்ந்ததெல்லாம் யாருக்கோ போயிருக்கிறது.

"சொன்னா நீங்க ஏசுவீங்க" என்றாள்.

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது. சந்தோசம்தான் கூட. இனி நடக்கமாட்டாள் என்று நான் மனதுக்குள் முடிவுகட்டி வைத்திருந்தவள், எனக்குத் தெரியாமல் தினமும் நடந்திருக்கிறாள். அவளைத் தாங்கித் தாங்கியே கதவு இறங்கிப் போயிருக்கிறது.

ஓடாவியார் மேல் பிணைச்சலின் பழைய துளைகளில் பசை தடவிய மரச்சிராய்களை இறுக்கி, குட்டை ஆணிகளுக்குப் பதிலாக மூன்று அங்குலத் திருகாணி போட்டார். இது மட்டும் நிலைக்கு நோகாதா என்று அவளைச் சீண்டினேன். ஆணி போன இடத்தில்தானே ஆணி போகிறது என்றாள். கதவு பழைய இடத்துக்கு ஏறியது. மறுபடி மை பூசிப் பார்த்தோம், விளிம்பில் கோடு விழவில்லை. பிறகு படியோரச் சுவரில், அவளுடைய இடக்கைக்கு எட்டுகிற உயரம் பார்த்து, ஒரு இரும்புக் குழாயைக் கைபிடியாக இறுக்கினார். இனி இதில் தொங்குங்க, கதவைக் கொஞ்சம் விடுங்க என்று சிரித்துக்கொண்டே போனார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு வேன் வந்தது. என்ன நடந்தாலும் கதிரையை விட்டு எழும்பக் கூடாது என்று எனக்குக் கட்டளை. அவள் குழாயைப் பிடித்துப் படியிறங்கிப் படலைக்குப் போனாள். அவள் சாத்திவிட்டுப் போன கதவு பூட்டிக்கொண்டது. நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். மகன் பதறி முழங்கையைப் பிடிக்க வந்தான், அவள் விடவில்லை. ஊன்றுகோலோடு திரும்பி நடந்து, அதைக் கக்கத்தில் இடுக்கி, குழாயைப் பிடித்து ஏறி, இடுப்பைக் குழாயில் சாய்த்துக்கொண்டாள். பிறகு அவளை நான் பார்க்க முடியவில்லை. நாலு இலக்கம் அழுத்துகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. நாக்கு முனகாமல் வழுக்கியது.

கதவைத் திறந்து முதலில் அவள் உள்ளே வந்தாள். பிறகு மகனைப் பார்த்தாள்.

"உள்ள வா மனே. செருப்பக் கழட்டிப்போட்டு வா."

அவன் வாசலில் நின்று பூட்டைப் பார்த்தான், குழாயைப் பார்த்தான், தாயைப் பார்த்தான். திரும்பிப் போய் வேன்காரரையும் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வந்தான். மத்தியானம் மீன் குழம்பு. பின்னேரம் வேன் அவனை மட்டும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குத் திரும்பியது.