அக்காவின் தூரத்துக்கு இழை இல்லை

அக்காவுக்குச் சுங்கை பட்டாணி தொழிற்சாலையில் காலை ஷிப்ட். புக்கிட் செலம்பாவ் பக்கத்தில் எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளின் வாசலுக்கே வந்து பஸ் அவளை ஏற்றிக்கொள்ளும். அந்த பஸ்ஸை வைத்துத்தான் என் முதுகலை ஆய்வைத் தொடங்கினேன். எல்லா நிறுத்தங்களையும் தொட்டு வர மிகக் குறுகிய வழி எது? கணினியில் அல்ல, டி.என்.ஏ.யில்.

ஒவ்வொரு சாலைக்கும் ஓர் இழை. கிலோமீட்டர் கூடினால் இழையும் நீளும். சோதனைக் குழாயில் கலந்தால் அவை தாமாகவே ஒட்டிக்கொண்டு எல்லா வழிகளையும் ஒரே நேரத்தில் உண்டாக்கும். ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சினால் குட்டையான இழை முன்னால் ஓடும். எல்லா நிறுத்தமும் அதில் இருந்தால், அதுதான் விடை.

தொல்லை எண்களில்தான். நீளமான இழை செய்வது பெரும்பாடு என்பதால் எல்லாத் தூரத்தையும் ஒரே விகிதத்தில் சுருக்கவேண்டும். நீண்ட கோலா கெத்தில் சாலை அடங்குமளவு சுருக்கியபோது, பெரிய சாலை பிரியும் சிம்பாங்கிலிருந்து லயத்துக்கு வரும் செம்மண் பாதைக்கு இழையே தேறவில்லை.

“சின்னதுதானேம்மா, சிம்பாங்கோட சேர்த்துடு,” என்றார் என் ஆய்வு மேற்பார்வையாளர். டவுனில், மெர்கோங்கில் வீடு, ஏசி கார்.

“அங்க வீடுங்க இருக்கு சார்.”

“நமக்கு நம்பர் போதும்லா.”

பற்றிக்கொண்டு வந்தது. கையெழுத்துப் போடவேண்டியவர் அவர், சேர்த்தேன். பல்கலைக்கழகக் கண்காட்சிக்கு வந்த, அக்காவின் தொழிற்சாலை பஸ் குத்தகைக்காரரிடம் அந்த வரைபடத்தை அவரே பெருமையாகக் காட்டினார். அந்த ஆளுக்கு டி.என்.ஏ. எதற்கு? ஒரு நிறுத்தம் குறைந்தது, டீசல் மிச்சம்.

கொஞ்ச நாளில் அக்கா போன் செய்தாள். “பஸ் இனிமே உள்ள வராதாம்லா. சிம்பாங்ல போய் நிக்கணுமாம். இருட்டுல செம்பனைத் தோட்டத்துக்குள்ள நடக்கிறேன், பன்னி குறுக்க ஓடுது.”

செம்மண் பாதைக்கும் இழை கிடைக்கும்படி எல்லா எண்களையும் மாற்றி மறுபடி செய்தேன். மற்ற இழைகள் மிக நீண்டுபோய் ஜெல்லில் கோடுகள் கலங்கின.

“இது பேப்பருக்கு ஆகாது,” என்றார் மேற்பார்வையாளர்.

“பழைய கணக்கு பஸ்காரருக்கு மட்டும் எப்படி சார் ஆச்சு?”

அவர் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்றைக்கும் அந்த முதுகை நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான்.

பழைய கணக்கோடுதான் கட்டுரை வந்தது. அக்கா குழாயடியில் சப்பாத்துச் சேற்றைக் கழுவிக்கொண்டே, அதில் என்ன எழுதியிருக்கிறது, தமிழில் சொல் என்றாள். கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு சிறிய தூரங்கள் விடப்பட்டன என்ற வரியையும் சொன்னேன்.

“அதைத்தான் நான் தினம் நடக்கிறேனா?” என்றாள்.