லூமுட் கடலில் விட்ட கைப்பேசி

"எல்லாம் கிளவுட்ல இருக்குலா" என்று யாராவது அலட்சியமாகச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஈப்போவின் புந்தோங் பகுதியில் கைப்பேசிக் கடை வைத்திருப்பவள் நான். சொன்னவன் சொல்லிவிட்டுப் போய்விடுவான். அழுதுகொண்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லி மாரடிக்க வேண்டியவள் நான்தானே!

அந்தக் கணவனும் மனைவியும் சித்தியவானிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்கள். அந்தப் பக்கத்து எஸ்டேட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள். எஸ்டேட்டை விற்றபோது வீட்டைவிட்டு வெளியே அனுப்பப்பட்டவர்கள். அவர்களுடைய ஒரே மகன் ஈப்போவில் வேலை பார்த்தான். கைப்பேசி வாங்குவதும் பழுது பார்ப்பதும் என் கடையில்தான். வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் போனவனை லோரி அடித்துவிட்டது. இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை.

அந்த அக்கா கேட்டது ஒரே ஒரு படம். தீபாவளிக் காலையில் மகன் அவரைத் தோளோடு அணைத்துக்கொண்டு எடுத்த படம். இரண்டு பேரும் சிரித்தார்களாம். துக்க வீட்டில் அவனுடைய ஐசி அடையாள அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்கி மாலை போட்டிருந்தார்கள்.

"அதுல எம்புள்ள திருடனாட்டம் முழிக்கிறான்மா. வருசத் திதி வருது. அன்னிக்காவது அந்தச் சிரிச்ச படத்த வைக்கணும்."

"போன் எங்கக்கா?"

அக்கா புருசனைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

"லூமுட்ல அஸ்தி கரைச்சப்போ அதையும் விட்டுட்டேன்" என்றார் அண்ணன். "அவன் பொழங்குன சாமான கூடவே அனுப்பணும்னு சொல்வாங்கல்ல? சட்டை, சீப்பு எல்லாம் கட்டினோம். அந்த போன் இல்லாம ஒரு நிமிசம் இருப்பானா அவன்? அதான் அதையும் உள்ள வச்சிக் கட்டிட்டேன்."

அக்கா அப்போதே தடுத்திருக்கிறார். உறவுக்காரப் பையன் ஒருவன் குறுக்கே வந்து, "படமெல்லாம் கிளவுட்ல இருக்கு அத்தை, எங்கயும் போகாது" என்றிருக்கிறான். படித்தவன் சொல்கிறானே என்று அக்காவும் கையை எடுத்துவிட்டார். அந்தப் பையன் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் செருப்பு பிய்ந்திருக்கும். வாய்தான் காது வரைக்கும் இருக்கிறது சிலருக்கு!

"அப்ப அது எங்கதான்மா இருக்கு?" என்றார் அண்ணன்.

என்னத்தைச் சொல்வது? "அண்ணே, எஸ்டேட்ல இருந்தீங்களே, அந்த வீடு யாருது?"

"கம்பெனிக்காரன்து."

"உள்ள இருந்த சட்டி, பானை, சாமி படம்?"

"எங்களுது."

"அவ்வளவுதாண்ணே. படம் நம்மளுது, அத வச்சிருக்க வீடு வேற ஒருத்தனுது. எங்கயோ பெரிய கொட்டகை போட்டு, உள்ள வரிசை வரிசையா கம்ப்யூட்டர அடுக்கி வச்சிருப்பான். ஜொகூரா இருக்கலாம், சிங்கப்பூரா இருக்கலாம், எனக்கே தெரியாது. தம்பி இங்க படம் எடுத்தா, இண்டர்நெட் வழியா அங்கயும் ஒரு நகல் போயிடும். போன் தண்ணியில போனாலும் அங்க உள்ளது போகாது. அந்தப் பையன் சொன்னதுல பொய்யில்ல. ஆனா அந்த வீட்டுக்குச் சாவி வேணும். சாவின்னா பாஸ்வர்ட், அது தம்பி மனசுல இருந்துச்சு."

"எஸ்டேட்ல சொன்னாப்ல அங்கயும் 'வெளிய போ'ன்னு சொல்வானுங்களா?"

"சொல்லுவாண்ணே. ரொம்ப நாள் யாரும் எட்டிப் பாக்கலைன்னா அழிச்சாலும் அழிச்சிடுவான்."

அவருக்கு நன்றாகவே புரிந்தது. புரிய வைத்ததற்கு என்னையே திட்டிக்கொண்டேன்.

இறப்புச் சான்றிதழை அனுப்பி அந்தக் கிளவுட் கம்பெனியிடம் கேட்டுப் பார்த்தேன். வருந்துகிறோம், தர இயலாது என்று பதில் வந்தது. மிச்சம் இருந்தது ஒரே வழி. சாவி மறந்துவிட்டது என்று சொன்னால், அவனுடைய நம்பருக்கு ஓடிபி அனுப்புவார்கள், ஆறு எண்கள். அது கிடைத்தால் கதவு திறக்கும். இருவரையும் மறுபடி வரச் சொன்னேன். நம்பர் அக்காவுக்கு மனப்பாடம். காசு கட்டி ரீலோட் போடாத லைன், எப்போதோ செத்திருக்கும், செத்திருந்தால் லைன் கம்பெனியில் கேட்டு அதே நம்பரைத் திரும்ப வாங்கலாமா பார்ப்போம் என்றுதான் ஸ்பீக்கரைப் போட்டு அழைத்தேன்.

மணி அடித்தது.

"ஐயோ, அடிக்குது!" அக்கா எழுந்துவிட்டார். "தண்ணிக்குள்ள அடிக்குதுங்க!" அண்ணன் கண்ணாடி மேசையைப் பிடித்துக்கொண்டார். அந்த முகங்களை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"ஹலோ?" என்றது ஒரு மலாய்ப் பெண்ணின் குரல்.

செத்த லைனின் நம்பரைக் கொஞ்ச நாள் கழித்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அது எனக்குத் தெரியும். அக்காவுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும், எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பெண்ணிடம் மலாயில் விவரம் சொன்னேன்: இப்போது உங்களுக்கு ஓர் ஓடிபி வரும், அதைப் படித்துச் சொன்னால் போதும். அக்கா என் கையிலிருந்து கைப்பேசியை வாங்கி, எஸ்டேட்டில் பழகிய மலாயில் கெஞ்சினார். செத்தவன் என் பிள்ளை, ஒரே ஒரு படம், உன்னையும் ஒருத்தி பெற்றிருப்பாள்தானே என்று அழுதார்.

"மன்னிச்சிடுங்க மக்சிக்" என்றாள் அவள் மலாயில், அக்காவை அத்தை முறை வைத்து. "இப்படித்தான் ஒருத்தர் அழுது பேசி எங்கம்மாவ ஏமாத்தினாங்க. பேங்க்ல இருந்ததெல்லாம் போயிடுச்சு. என்னால முடியாது."

வைத்துவிட்டாள். திரும்ப அழைத்தேன், போகவில்லை. என் கடை நம்பரைத் தடுத்துவிட்டாள். ஆத்திரத்தில் அவளை நாலு கெட்ட வார்த்தை திட்டினேன்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவள வையாதம்மா. யாரு அழுதுகிட்டு கேட்டாலும் அந்த ஆறு நம்பர குடுத்துடாதம்மான்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே எம்மவன்தான்."