மூத்தாள் சட்டி

இதைக் கட்டுக்கதை என்கிறவர்கள் ஒருமுறை எங்கள் ஊரான கீலுங் வந்து, துறைமுகத்துக்குப் பின்சந்தில் திங்குவோ கடையில் ஒரு கிண்ணம் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுப் பேசட்டும். வருடக்கணக்காக அங்கே சாப்பிடுகிறவன் நான். நடந்ததை அவன் மனைவி யீஜுன் மறுநாளே தன் வாயால் என்னிடம் சொன்னாள். நான் கண் காது மூக்கு வைக்கவில்லை.

ஆறு மேசை, பிளாஸ்டிக் முக்காலிகள், அவ்வளவுதான் கடை. சுடுசோற்றின் மேல் சுண்டிய பன்றிக்கறி, பாதி முட்டை, இரண்டு துண்டு ஊறுகாய் முள்ளங்கி. அதற்குத்தான் கூட்டம். கறிச்சட்டியை ஒருநாளும் காலி செய்ய மாட்டார்கள். இரவு மிஞ்சிய சாற்றின் மேலேயே காலையில் புதுக்கறியும் சோயாவும் கற்கண்டும் சேர்த்துக் கொதிக்கவிடுவார்கள். பழைய சாறு இருந்தால்தான் கடைக்குப் பேர்.

சட்டியை முதலில் வைத்தவள் பௌச்சூ, திங்குவோவின் முதல் மனைவி. அவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் கடை மூடிக் கிடந்தது. பிறகு யீஜுனைக் கட்டிக்கொண்டு, பழைய சாற்றை உறையவைத்துக் காப்பாற்றியதாகச் சொல்லித் திங்குவோ கடையைத் திறந்தான்.

எங்கள் ஊரில் இளையாளாக வருகிறவள் செத்துப்போன மூத்தாளை அக்கா என்றுதான் சொல்ல வேண்டும். மூத்தாளைப் பெற்றவளை அம்மா என்று கூப்பிட வேண்டும். தினமும் முதல் கிண்ணத்தை மூத்தாள் படத்துக்கு முன்னால் வைக்க வேண்டும். யீஜுன் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாள். செய்யச் செய்ய அவளுக்கு வயிறு எரிந்தது.

எரியாதா பின்னே? மூன்று வருடமாக அடுப்படியில் வெந்து சாகிறவள் இவள். டாக்சி ஓட்டும் லியாவ் கிழவர் முதல் வாய் அள்ளியதும் என்ன சொல்வார் தெரியுமா?

“பௌச்சூ கையே கை! செத்தும் நமக்குச் சோறு போடுறா பாரு.”

பௌச்சூ சட்டியில் அன்னாசிப்பூ போடுவாள். யீஜுனுக்கு அந்த வாடையே ஆகாது. வந்த நாளிலிருந்து அவள் ஒரு பூகூடப் போட்டதில்லை, கடைக்குள் வாங்கி வைத்ததும் இல்லை. ஒருத்தருக்கும் தெரியவில்லை. பேர் மட்டும் பௌச்சூவுக்கே!

யீஜுனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ‘உன் சமையல்’ என்று திங்குவோ ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். அவன் சொன்னதில்லை. தினமும் ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்துக் கண்ணை மூடிக்கொள்வான்.

யாரை நினைத்து மூடுகிறான்?

போன ஏழாம் மாதம், ஆவிகளுக்குக் கதவு திறந்துவிடும் மாதம், ஒரு மத்தியானம் அது நடந்தது. சாப்பாட்டுக் கூட்டம் போய்விட்டது. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வெளியே விடாத மழை. திங்குவோ கப்பல்துறைக்கு மீன் வாங்கப் போயிருந்தான்.

யீஜுன் சட்டியைத் தூக்கினாள். சாக்கடையில் கவிழ்த்தாள். கடைசிச் சொட்டுவரை...

சட்டியைத் தேய்த்துக் கழுவி, தன் போக்கில் புதிதாகக் கறி வேக வைத்தாள். வெந்ததும் முதல் கிண்ணத்தைப் படத்துக்கு முன்னால் வைத்து, வலப்பக்கம் சாப்பிடும் குச்சிகளை வைத்தாள்.

“அக்கா, இன்னிக்கு என் சமையல். பிடிக்கலைன்னா நீயே வந்து சமைச்சுக்க.”

அப்போது மணி மூன்று நாற்பது.

டக்.

திரும்பிப் பார்த்தாள். குச்சிகள் கிண்ணத்தின் இடப்பக்கம் இருந்தன.

பௌச்சூ இடதுகைக்காரி.

காற்றாக இருக்கும் என்று குச்சிகளை எடுத்து வலப்பக்கம் வைத்தாள். அடுப்படிக்குப் போனாள். வலது ஆணியில் அவள் மாட்டிய கரண்டி இடது ஆணியில் தொங்கியது. அது பௌச்சூ அடித்த ஆணி.

மறுபடி வலதில் மாட்டினாள். படத்தை ஒருதரம் பார்த்துவிட்டு வரலாம் என்று முன்பக்கம் வந்தாள்.

கரக்... கரக்...

சட்டியின் அடியைக் கரண்டி சுரண்டும் சத்தம்.

“யாரு?”

சத்தம் நின்றது.

பிறகு வாசனை வந்தது...

அன்னாசிப்பூ.

அவள் நகரவில்லை. ஈரக் கை ஒன்று அவளுடைய இடது மணிக்கட்டைப் பிடித்தது.

ஜில்லென்று...

இறுக்கமாக...

ஷட்டர் கிறீச்சென்று ஏறியது. திங்குவோ மீன் பையோடு நின்றான்.

“என்ன வாசனை இது?”

நேராகப் போய் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தான். கண்ணை மூடவில்லை. விழித்தபடியே நின்றான், கண்ணில் நீர் கொட்டியது.

சாயங்காலம் லியாவ் வந்தார். ஒரு வாய் சாப்பிட்டார். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

“தங்கச்சி, இதுல என்ன போட்டே?”

“ஏன்ணே?”

“இத்தனை நாளும் பழக்கதோஷத்துல பௌச்சூ கைன்னு சொல்லிட்டிருந்தேன். இன்னிக்கு... நெசமாவே அவ கை.”

அவர் மீதியைச் சாப்பிடாமல் எழுந்து போனார்.

கடை மூடும்போது திங்குவோ கேட்டான். “பழைய சட்டியக் கொட்டிட்டியா?”

“ஆமா. கொட்டினேன். உங்க பௌச்சூ சாறு எனக்கு வேணாம்.”

“அது அவ சாறே இல்ல, யீஜுன்.”

“என்னது?”

“அவ போனதும் எல்லாம் கெட்டுப்போச்சு. நானே கொட்டிட்டேன். ஆளுங்க வராம போயிடுவாங்கன்னு, உறைய வெச்சுக் காப்பாத்தினதா பொய் சொன்னேன். நீ வந்த அன்னிக்கு சட்டியில வெறும் தண்ணியும் சோயாவும்தான் இருந்துச்சு. ருசியெல்லாம் நீ சேர்த்தது.”

“அப்போ தினம் கண்ண மூடினது...”

“உன் ருசிக்குத்தான். சொன்னா பொய் உடைஞ்சிடுமேன்னு வாயைத் திறக்கல.”

மூன்று வருடமாக அவள் பொறாமைப்பட்டது தன் கையின் மேலேயே. அந்தச் சாற்றைத் தன் கையாலேயே சாக்கடையில் ஊற்றிவிட்டாள். இதைச் சொல்லிவிட்டு யீஜுன் என் முன்னால் உட்கார்ந்து அழுதாள். அவளுடைய இடது மணிக்கட்டில் நாலு விரல் தடம் நீலமாக இருந்தது.

போன வாரம் மறுபடி போனேன். கடையில் உட்கார இடமில்லை, அவ்வளவு கூட்டம். யீஜுன் எனக்குக் கிண்ணம் கொண்டுவந்து வைத்தாள்.

இடது கையால்.

“எப்போலேருந்து இடது கை?”

“நான் எப்பவும் இப்படித்தானே அண்ணே?”

சுவரில் படம் இருந்தது. அதன் முன்னால் கிண்ணம் இல்லை.

“இன்னிக்கு அக்காவுக்கு வைக்கலையா?”

அவள் சிரித்தாள்.

“எதுக்கு? இப்பதானே சாப்பிட்டேன்.”

அடுப்படியில் திங்குவோ ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்துக்கொண்டிருந்தான். அவன் இப்போதெல்லாம் கண்ணை மூடுவதில்லை.