முந்நூறு வருஷத்து வீடு

காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளைப் பட்டாளம் தேடுகிற மலாயாவின் இந்த அவசரகாலத்தில், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவுக்கு நான் காவல். அவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று லயத்து வீடுகளில் இருந்த தோட்டத்து ஆட்களை முள்வேலிக்குள் குடிமாற்றிவிட்டார்கள். துரையும் சீமைக்குப் போய்ப் பல மாதமாகிறது. பேச்சுத்துணைக்கு யாருமில்லை.

பங்களா இங்கிலாந்துக் கிராமத்து வீடு மாதிரி இருக்கும். வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டங்கள். வாசல் நிலையில் ஒரு பழைய வருஷம் செதுக்கியிருக்கும். விருந்தாளிகள் கேட்டால் முந்நூறு வருஷத்து வீடு என்று சொல்லச் சொல்லியிருந்தார் துரை.

ஒரு மத்தியானம் பட்டாளம் வந்தது. வெள்ளைக்கார அதிகாரி மலாய் மொழியில், "வீடு கட்டி எத்தனை வருஷம்?" என்றார். மனிதக் குரல் கேட்ட சந்தோஷத்தில் பழக்கப்படி, "முந்நூறு, துரை" என்றேன்.

துப்பாக்கி என் நெஞ்சுக்கு நேரே வந்தது. "முந்நூறு வருஷம் முன்னாடி இங்க வெறும் காடு. நீ காவக்காரன் இல்ல. யார் நீ?"

ஆணி தளர்ந்த ஒரு சட்டத்தை விரலால் நெம்பிக் காட்டினேன். "வெறும் பலகை, துரை. சிமெண்டுச் சுவத்துமேல அடிச்சது. வருஷா வருஷம் தார் பூசுறது நாந்தான். அந்த வருஷத்தைச் செதுக்குனப்ப ஏணி பிடிச்சதும் நாந்தான்."

அவர் துப்பாக்கியைத் தாழ்த்திப் பலகையைத் தட்டிப் பார்த்தார். "சீமையில எங்கம்மா வீட்டுல இந்த மாதிரி மரந்தான் கூரையைத் தாங்குது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இனி யார் கேட்டாலும் வீட்டின் உண்மையான வயதைத்தான் சொல்வது என்று இருக்கிறேன். கேட்கத்தான் அதற்கப்புறம் யாரும் வரவில்லை.