பத்துக்கு ஒன்பதரை

புத்தகத்துக்குப் பத்துக்கு ஒன்பதரை மார்க் வந்திருக்கிறது என்று சென்னை ஏஜென்ட் போனில் கூவியபோது, நான் கடையில் ஒருவருக்கு அரை இஞ்ச் பைப் அறுத்துக்கொண்டிருந்தேன். சந்தோஷப்பட்டேன். பக்கத்துக் கடைக்கும் சேர்த்து டீ சொன்னேன். இப்போது அதை நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

காமிக்ஸுக்கு மார்க் போடுவார்களா என்று கேட்பீர்கள். போடுகிறார்கள். வெளிநாட்டில் அதற்கென்றே கம்பெனி இருக்கிறது. பழைய காமிக்ஸை அனுப்பினால் மடிப்பு, கறை, கிழிசல், துரு எல்லாம் பார்த்து ஓர் எண்ணைக் கொடுத்து, கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து ஒட்டிவிடுவார்கள். அதன் பிறகு அட்டையைப் பார்க்கலாம், பக்கத்தைப் புரட்ட முடியாது. பெட்டியைத் திறந்தால் மார்க் செல்லாது. புத்தகத்தைப் படிக்க முடியாதபடி செய்து தருவதற்கு ஒரு கம்பெனி, அதற்கு வரிசையில் நிற்க ஒரு கூட்டம். புத்தகங்களை வாங்கி அங்கே அனுப்பிவைக்கிற ஒரு சென்னை ஏஜென்டைப் பிடித்து, அந்தக் கூட்டத்தில் நானும் போய் நின்றேன்.

என் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருந்தது. தூத்துக்குடி உப்புக் காற்றில் எதுவும் தப்பாது. மில்லர்புரத்தில் என் வீட்டு ஜன்னல் கம்பியே வருடத்துக்கு ஒரு தரம் பெயின்ட் கேட்கும். காமிக்ஸ் நடுவில் இருக்கிற இரண்டு பின் எம்மாத்திரம்? ஒவ்வொரு புத்தகமாகத் துரு ஏறி, தாளைத் தின்றுகொண்டிருந்தது. பெட்டிக்குள் போனால் பிழைக்கும் என்று நினைத்தேன். இது பாதி உண்மை. மீதிப் பாதி, காமிக்ஸ் சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் பீற்றிக்கொள்ளும் ஆசை.

அலமாரி நிறைய என் புத்தகங்கள் இருந்தன. புத்தி கெட்டுப்போய், அக்காவின் புத்தகத்தை எடுத்து அனுப்பினேன்.

அது ஓர் ஆங்கில காமிக்ஸ். துறைமுகத்துக்கு வந்த கப்பல்காரர் யாரோ போட்டுவிட்டுப் போனதைப் பழைய பேப்பர் கடையிலிருந்து அக்கா வாங்கி வந்தாள். அந்த வருட ஆயுத பூசைக்கு எங்கள் பள்ளிக்கூடப் புத்தகங்களோடு இதையும் ஒளித்து அடுக்கிவிட்டாள். எங்கள் வீட்டில் பூசைக்கு வைக்கிற புத்தகம் எதுவானாலும் அப்பா நாலு மூலையிலும் மஞ்சள் பொட்டு வைத்து, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போடுவார். இதற்கும் போட்டார். போட்டதோடு நிற்காமல், சுழிக்குக் கீழே பேனாவால் ‘நல்லாப் படி தாயி’ என்று எழுதினார். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. பாடப்புத்தகம் என்று நம்பி எழுதினாரா, தெரிந்தே எழுதினாரா என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. என் புத்தகங்களில் வெறும் சுழிதான். அப்பா அக்காவிடம் நேரில் அப்படி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அவர் அவளுக்கென்று எழுதியதும் அந்த ஒரு வரிதான்.

கல்யாணமாகி மும்பைக்குப் போகும்போது, “அங்கன ஒழுகுற வீடு. ஒன்ட்டயே இருக்கட்டும்லே, பத்திரம்” என்று சொல்லித்தான் கொடுத்துவிட்டுப் போனாள். நான் பத்திரப்படுத்திய லட்சணத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பார்சல் வந்தது. பிரித்தேன். பெட்டிக்குள் அட்டை பளபளவென்று இருந்தது. நாலு மூலையையும் பார்த்தேன். மஞ்சள் இல்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வெயிலில் பிடித்துப் பார்த்தேன். பொட்டு வைத்த அடையாளம்கூட இல்லை. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நாலு மூலையிலும் கறை, உள்ளே பேனா எழுத்து, துருப்பிடித்த இரண்டு பின், இதற்கு எந்த மடையன் ஒன்பதரை போடுவான்?

ஏஜென்டைப் பிடித்தேன். “அங்க கிளீன் பண்ணிருப்பாங்க சார். மார்க் ஏறிருக்குல்ல, அப்புறம் என்ன?” என்றான்.

“கிளீன் பண்ணக் கூடாதுன்னு ஒன்ட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னம்லா?”

“மார்க் கொறஞ்சா எல்லாரும் சண்டைக்கு வருவாங்க. ஏறுனதுக்கு வர்ற மொத ஆள் நீங்கதான் சார்.”

கம்பெனிக்கு மெயில் போட்டேன். மகளை உட்கார வைத்து நல்ல ஆங்கிலத்தில் ஒன்று, கோபத்தில் நானே ஒன்று. இரண்டுக்கும் ஒரே பதில். லேபிளில் இருக்கிற நம்பரும் அவர்கள் பதிவில் இருக்கிற நம்பரும் சரியாக இருக்கிறதாம். சந்தேகமிருந்தால் திருப்பி அனுப்ப வேண்டுமாம், பார்க்கச் சில மாதம் ஆகுமாம். நானாகப் பெட்டியைத் திறந்தால் புகாரே செல்லாதாம். நம்முடையதுதானா என்று தெரிய முதல் பக்கத்தைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டால் கேட்க முடியாது. என்ன நியாயம் இது? பழைய போட்டோ இருந்தால் அனுப்புங்கள் என்றார்கள். இருந்தது. குழுவில் போடுவதற்காக எடுத்தது. மஞ்சள் பொட்டு அசிங்கமாகத் தெரியுமே என்று போட்டோவில் நாலு மூலையையும் வெட்டிவிட்டு, வெட்டாத போட்டோவை அழித்திருந்தேன். அதைப் பார்த்து என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

அந்த வாரம் அக்காவிடமிருந்து போன். “இந்த வருசம் ஆயுத பூசைக்கு வாரம்லே. என் புக்க எடுத்து வையி. பேத்திக்கு அப்பா எழுத்தக் காட்டணும்.”

சரிக்கா என்றேன். வேறென்ன சொல்ல?

“வந்ததும் உண்மையச் சொல்லிருங்க. நாளக் கடத்தாதீங்க” என்றாள் என் மனைவி. நான் கடத்தினேன். பூசையன்று காலையில், கிண்ணத்தில் மஞ்சள் குழைத்துக்கொண்டே அக்கா புத்தகத்தைக் கேட்டாள். பெட்டியைக் கொண்டுபோய் முன்னால் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். மூலைகளை விரலால் தடவினாள். பிளாஸ்டிக்தான் தட்டுப்பட்டது.

“ஒடைலே.”

“ஏக்கா, ஒடச்சா ஒண்ணும் கேக்க முடியாது. திருப்பி அனுப்புனா ஒருவேள...”

“நீ அனுப்புனது போதும். எனக்கு இன்னைக்குத் தெரியணும். ஒடை.”

கடையிலிருந்து கொண்டுவந்த ஸ்க்ரூ டிரைவரை ஓரத்தில் கொடுத்து நெம்பினேன். டப்பென்று விட்டது. அக்கா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைத் திருப்பினாள். சுழி இல்லை. எழுத்து இல்லை. பேனா அழுத்திய தடம் இருக்கிறதா என்று நானும் பிடுங்கிப் பார்த்தேன். புதுத்தாள் மாதிரி வழுவழுவென்று இருந்தது. பின்னில் ஒரு பொட்டுத் துருகூட இல்லை. உப்புக் காற்றையே பார்க்காத பின்.

அக்கா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

“நல்ல புக்குதாம்லே” என்றாள். “நம்மளது எங்கன?”

“எவன்ட்டயோ மாறிப் போயிருக்கும்க்கா. இதே மாதிரிப் பெட்டிக்குள்ள.”

“அப்பா எழுதுனத அவன் பாத்திருப்பானா?”

“ஒடச்சாத்தான் பாக்க முடியும்.”

“மார்க்கு போயிரும்லா” என்றாள். “ஒடைக்க மாட்டான்.”

பிறகு மஞ்சள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். தராசு, பைப் கட்டர், கல்லாப்பெட்டி எல்லாவற்றுக்கும் அவளே பொட்டு வைத்தாள். அந்தப் புத்தகத்துக்கு வைக்கவில்லை.