கடலைப் பார்த்து எரியும் சிலுவை

எங்கள் அண்ணையை ஆண்டவரிடம் ஒப்படைத்து ஓராண்டு நிறைகிறது. இன்று பூசைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய கடைசித் தங்கை எழுதுவது இது. "நீங்களே எழுதுங்கோ மச்சாள். ஆனா சண்டை பிடிச்சு எழுதாதேங்கோ" என்று அண்ணி கேட்டுக்கொண்டார். முயன்று பார்க்கிறேன்.

யாழ்ப்பாணக் கரையோரத்தில் எங்கள் ஊரில், ஐயாவுக்கும் அம்மாவுக்கும் மூத்த பிள்ளையாக அண்ணை பிறந்தார். அவருக்குப் பிறகு அக்கா, பிறகு நான். மீசை அரும்பும் முன்பே ஐயாவோடு வள்ளம் ஏறிவிட்டார். எங்கள் கரைக்கு முன்னால் முருகைக்கல் பார், தண்ணீருக்கடியில் பவளப்பாறைத் திட்டு, நீளமாகக் கிடக்கிறது. வள்ளம் நுழைய அதில் ஒரே ஓர் இடைவெளிதான் உண்டு. இருட்டில் அதைக் கண்டுபிடிக்க எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. இறங்குதுறைக் கம்பத்தில் ஒரு சின்ன விளக்கு எரியும். அதற்குப் பின்னால், தூரத்தில், வெளிச்சவீடு. இரண்டும் ஒரே நேராகத் தெரியும்போது வள்ளத்தைத் திருப்பினால் வீடு வந்து சேரலாம். தப்பாகத் திருப்பினால் கல்லில் ஏறவேண்டியதுதான்.

போர்க்காலத்தில் வெளிச்சவீடு இருண்டது. இரவில் கடலுக்குப் போகத் தடை வந்தது. அண்ணை நாட்டை விட்டுப் புறப்பட்டு ஜெர்மனி வந்தார். அகதி முகாமில் வேலை செய்ய அனுமதியில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. கடைசியில் பிரேமர்ஹாவனில் ஒரு பணிமனையில் வேலை கிடைத்தது. கப்பல்களுக்கு வழிகாட்டும் மிதவைகளைக் கடலிலிருந்து தூக்கிவந்து, பாசி சுரண்டி, வண்ணம் பூசி மறுபடி இறக்கும் வேலை. ஓய்வு பெறும்வரை அதே வேலைதான். அந்தச் சம்பளத்தில்தான் என்னை இங்கே கூப்பிட்டார், ஊரில் அக்காவின் குடும்பத்தையும் தாங்கினார்.

அங்கே வேலை செய்ததால்தானோ என்னவோ, எங்கள் வெளிச்சவீட்டைக் கட்டியது யார் என்று தேடித் தேடிப் படித்தார். வெள்ளைக்காரர் காலத்தில் துறைமுகத்துக்கு வந்த நீராவிக் கப்பல்களிடம் வெளிச்சத்துக்கென்றே ஒரு தீர்வை வாங்கினார்கள் என்று அறிந்துகொண்டார். அதில் வந்த பணத்தில்தான் வெளிச்சவீடுகளும் மிதவைகளும் வந்தன. ஆகவே கப்பல் போகும் பாதைக்கு மட்டுமே வந்தன. எங்கள் பாரில் ஒரு பீப்பாயைக்கூட யாரும் மிதக்கவிடவில்லை. "காசு தந்தவன்ர கண்ணுக்குத்தான் வெளிச்சம் வைச்சவங்கள். நாங்கள் அதில சிந்தினதைப் பொறுக்கிப் பிழைச்சனாங்கள்" என்பார். கோபமாகச் சொல்லமாட்டார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

பிறகு நாங்களும் காசு தருபவர்கள் ஆனோம்.

போர் முடிந்து, வெளிச்சவீடு மறுபடி எரிந்து, வள்ளங்களும் இரவில் போகத் தொடங்கிய பிறகு, ஊரில் மாதா கோயில் கோபுரத்தை உயர்த்தி, உச்சியில் பெரிய மின்சிலுவை வைக்க ஜெர்மனியில் இருக்கும் எங்கள் ஊர்ச்சங்கம் முடிவெடுத்தது உங்களுக்குத் தெரியும். நீங்கள் எல்லோரும் கொடுத்தீர்கள். நானும் கொடுத்தேன். அண்ணையும் கொடுத்தார். எசன் நகரில் மண்டபம் எடுத்து, ஆட்டிறைச்சிக் கறியோடு திறப்புவிழாப் படத்தைத் திரையில் போட்டார்கள். இருண்ட கரையில் சிலுவை நீலமாக எரிந்தது. எல்லோரும் கைதட்டினோம். சிலர் அழுதார்கள். அண்ணை மட்டும் எழுந்து நின்றார்.

"தம்பி, இது எந்தப் பக்கம் பாத்து எரியுது?"

"கடலைப் பாத்துத்தான் அண்ணை. போற கப்பலெல்லாம் எங்கட மாதாவைக் காணவேணும்" என்றார் சங்கத் தலைவர், பெருமையாக.

"அப்ப நூருங்கோ" என்றார் அண்ணை.

சிலுவையை அணைக்கச் சொல்கிறாரே என்று முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. துறை விளக்கு இந்த வெளிச்சத்தில் மங்கிவிடும், சிலுவையும் வெளிச்சவீடும் நேராகத் தெரியும் இடத்தில் பார்தான் கிடக்கிறது, பழக்கதோசத்தில் பெடியள் கல்லில் திருப்பிவிடுவார்கள் என்று பொறுமையாக விளக்கினார். கடல்பக்கம் ஒரு தகரம் அடித்து மறைத்தால் போதும் என்றார். அவர் கேட்டது அவ்வளவுதான். ஒரு தகரம்! அதற்குள் பின்வரிசையில் ஒரு தம்பி, "இப்ப எல்லாரும் போனில பாத்துத்தான் போறாங்கள் அண்ணை" என்றார். இன்னொருவர், "மாதாவுக்கு வெளிச்சம் வைக்கிறதும் இவருக்குப் பொறுக்கேல்லை" என்றது எனக்குக் கேட்டது. அண்ணைக்கும் கேட்டது.

ஊரில் கடலுக்குப் போகிறவர்களில் அக்காவின் மகனும் ஒருவன். அண்ணைக்கு மருமகன், எனக்குப் பெறாமகன். அக்கா விட்டுச்சென்ற ஒரே பிள்ளை. அவனைத் தொலைபேசியில் கூப்பிட்டு அண்ணை கேட்டார்.

"ஓம் மாமா, சரியாத்தான் சொல்லுறியள். ரெண்டும் நேரா வந்தவுடன கை தன்பாட்டில திரும்பப் பாக்குது. துறை விளக்குத் தெரியவே இல்லை. தூவானத்தில நனைஞ்ச கையால போனைத் தொட ஏலாது. நூர்க்கச் சொல்லி எங்களால சாமியாரிட்டக் கேக்க ஏலுமே? வெளிநாட்டு ஆக்களின்ர காசு எண்டுவார்."

சில மாதங்களில் பக்கத்து ஊர் வள்ளம் ஒன்று பாரில் ஏறி உடைந்தது. கடல் குளம்போலக் கிடந்த நாள், ஆகவே நீந்திக் கரையேறினார்கள். குடித்திருந்தார்கள் என்று ஒரு கதை, இயந்திரம் நின்றது என்று இன்னொரு கதை. சிலுவையை யாரும் சொல்லவில்லை. அண்ணை சங்கத்தில் ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டார். அப்போதே புற்றுநோய் அவரைத் தின்னத் தொடங்கியிருந்தது. மருந்தின் மயக்கத்தில் பேசுகிறார் என்று அன்பாகச் சொல்லிப் போனை வைத்தார்கள். அந்த அன்பை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

கடைசி வாரங்களில் நோவைப் பற்றி அவர் முறையிடவில்லை. நான் மருத்துவமனைக்குள் நுழைந்தவுடன், "அங்க காத்து எப்பிடி? பெடியன் கடலுக்குப் போட்டானோ?" என்று கேட்பார். இல்லை, வீட்டில்தான் நிற்கிறான் என்றால் கண்ணை மூடுவார். போய்விட்டான் என்ற நாட்களில் அவன் கரை சேர்ந்த செய்தி வரும்வரை தாதி கொடுத்த தூக்கமாத்திரையை விழுங்கமாட்டார். அப்படியொரு காலையில், "வந்திட்டான் அண்ணை" என்று நான் சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான் போனார். அவன் உண்மையிலேயே வந்திருந்தான். அந்த மட்டில் ஆறுதல்.

செத்தவீட்டுக்கு வந்த சங்கத் தலைவர் என் கைகளைப் பிடித்துக்கொண்டு, அண்ணையின் நினைவாகக் கோபுரத்தில் இன்னும் பெரிய விளக்கு ஒன்று வைக்கப்போவதாகச் சொன்னார். "முழுச் செலவும் சங்கம் பாக்கும் அக்கா, பேரும் பொறிப்பம்" என்றார். கெட்ட மனிதர் அல்ல. கண்கலங்கித்தான் சொன்னார். வேண்டாம் என்றேன். யோசிக்கச் சொல்லிவிட்டுப் போனார். இப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நோயில் அண்ணையைப் பிள்ளைபோலப் பார்த்த அண்ணிக்கும், மருத்துவர்களுக்கும் தாதிகளுக்கும், பணிமனையிலிருந்து வந்து பெட்டியைத் தோளில் சுமந்த அவருடைய ஜெர்மன் நண்பர்களுக்கும், தூர நகரங்களிலிருந்து சமைத்துக் கொண்டுவந்த சொந்தங்களுக்கும், இன்று பூசை ஒப்புக்கொடுத்த சுவாமிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சங்கத்தாருக்கும் நன்றி சொல்லத்தான் ஆசை. தகரம் அடித்த செய்தி வந்த அன்று காலில் விழுந்தே சொல்வேன்.

வாடைக்காற்று தொடங்கிவிட்டது. பாரில் அலை உடையும் சத்தம் வீட்டுக்குள் கேட்கிறது என்று நேற்றுப் பெறாமகன் சொன்னான். மீன் படும் காலம், வீட்டில் நிற்க முடியாது என்றும் சொன்னான். பூசை முடிந்து நீங்கள் மண்டபத்தில் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம் அங்கே பொழுதுபட்டிருக்கும், வள்ளங்கள் பாரைக் கடந்து வெளியே போயிருக்கும், சிலுவையை ஏற்றியிருப்பார்கள், இருட்டில் அவர்கள் திரும்பி வரவேண்டும். எங்கள் அண்ணைக்காக ஏதும் செய்ய நினைப்பவர்கள், சாப்பிட முன் ஊருக்கு ஒரு அழைப்பு எடுங்கள். காசு தந்தவர்கள் நீங்கள். நீங்கள் சொன்னால் நூர்ப்பார்கள்.